சமது ராவுத்தர் போட்ட கேரளப் படம்

காலை பத்தே முக்கால் மணிக்குக் குப்பண்ணன் போன் செய்தார். மே மாதக் கடைசி. பள்ளிக்கூடம் திறக்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. நான் வீட்டுக் கூடத்தில் சார்ட் அட்டைகளைப் பரப்பி வைத்து ஓரம் வெட்டிக்கொண்டிருந்தேன். குப்பண்ணன் போனில் ஹலோ சொல்கிற ஆள் இல்லை, நேராகச் சிரிப்பில்தான் தொடங்குவார். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

"அம்மிணி, ஊட்லயா இருக்கறே?"

"ஆமாங்கண்ணா."

"உக்காந்துட்டு இருக்கறயா, நின்னுட்டு இருக்கறயா?"

"உட்கார்ந்துதான் இருக்கேன், சொல்லுங்க."

"நம்ம ராவுத்தர் போயிட்டாரு கண்ணு."

பொள்ளாச்சியில் ஒரு மொத்தக் கடையில் கலர் சாக்பீஸ் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார். ஈரம் ஏறியிருந்தது. "இதை வெச்சு டீச்சர் எழுதினா போர்டுல எழுத்து வராது, சேறுதான் வரும்" என்று கடைக்காரரோடு பேச்சைத் தொடங்கியிருக்கிறார். நடுவில் ஒரு ஸ்டூல் கேட்டார். பிறகு தண்ணீர் கேட்டார். தண்ணீர் வந்தபோது வாங்கிக்கொள்ள அவர் இல்லை. கூடப் போயிருந்த குப்பண்ணன் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு இதையெல்லாம் சொன்னார்.

"கடைக்காரன் வேற பொட்டி எடுத்துக் குடுத்துட்டு அழுவறான் அம்மிணி. இதைக் கையில வாங்கறதா வேண்டாமான்னே எனக்குத் தெரியல."

"வாங்கிக்குங்கண்ணா" என்றேன்.

அப்துல் சமது என்பது ரேஷன் கார்டில் உள்ள பெயர். கேரளத்தில், பாலக்காட்டுப் பக்கம் உள்ள சித்தூரில் அவர் ராவுத்தர். மலையில், காந்தலூர்ப் பக்கத்தில், பக்கெட்டுக்கார பாய். எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பார், திரும்பும்போதே சிரித்துவிடுவார். அவருடைய அத்தா கோரைப்பாயைத் தலையில் சுமந்து விற்றவர். இவர் பிளாஸ்டிக் சாமான்களைக் குட்டியானையில் ஏற்றி விற்றார். குட்டியானை என்றால் எங்கள் பக்கத்தில் எல்லாத் தெருவுக்குள்ளும் நுழைகிற அந்தச் சின்ன லாரி. "அத்தா சுமந்தாரு, நான் ஓட்டறேன். முன்னேற்றம்னா இவ்வளவுதான்" என்பார்.

வாரத்தில் பாதி நாள் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை. மாதத்தில் ஒருமுறை பொள்ளாச்சி, உடுமலை வழியாகச் சின்னார்க் காட்டைத் தாண்டி மறையூர், காந்தலூர். போகும்போது பக்கெட், குடம், முறம். வரும்போது காந்தலூர்ப் பூண்டும் முட்டைக்கோஸும். பாலக்காட்டு ஓரத்திலிருந்து இடுக்கி ஓரத்துக்குப் போக அவருக்குத் தமிழ்நாடுதான் வழி. செக்போஸ்டில் ஒரு புதுப் போலீஸ்காரர் நிறுத்திக் கேட்டிருக்கிறார்.

"எங்க போறீங்க?"

"கேரளாவுக்குங்க."

"எங்க இருந்து வர்றீங்க?"

"கேரளாவுல இருந்துங்க."

"யோவ், விளையாடறியா?"

"விளையாடலைங்க, பொழைக்கறேன்."

இதை அவர் எங்களிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் போலீஸ்காரரின் மீசை கொஞ்சம் பெரிதாகும்.

படித்தது மலையாளப் பள்ளிக்கூடத்தில், எட்டாம் வகுப்பு வரை. தமிழ் படிக்கக் கற்றுக்கொண்டது, சாமான் சுற்றி வரும் பழைய செய்தித்தாள்களில். அதனால் எந்தச் செய்தியும் அவருக்குப் பாதிதான் தெரிந்திருக்கும். மீதிப் பாதி கிழிந்த பக்கத்தோடு போயிருக்கும். தெரியாத பாதியை அவரே சொந்தமாகச் சொல்லி முடிப்பார். அது உண்மையான செய்தியைவிட நன்றாகவே இருக்கும்.

நான் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் ஒரு தமிழ் மீடியம் தொடக்கப் பள்ளியில் ஒண்ணாம் வகுப்பு டீச்சர். அவரோடு பழகியது கூடை வாங்கப் போய். பள்ளிக்கூட வாசலில் அவர் வண்டி நின்றது. இருந்த சின்னக் கூடைகளை எல்லாம் எடுத்து அடுக்கினேன்.

"இத்தனை கூடை எதுக்குங்க டீச்சரம்மா? கோழிக்குஞ்சு வளர்க்கறீங்களா?"

"அந்த மாதிரிதான். ஒண்ணாம் கிளாஸ். பென்சில், புளியங்கொட்டை, தீக்குச்சி எல்லாம் பிரிச்சுப் போட்டுவைக்க."

"இதெல்லாம் யாரு வாங்கித் தர்றாங்க?"

"நான்தான்."

அவர் கூடைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு வண்டிக்குள்ளிருந்து மூடி போட்ட ஒரு பெரிய டப்பாவை எடுத்துக் கூடைகளின் மேல் வைத்தார். "புளியங்கொட்டைக்கு மூடி வேணுங்க. இல்லாட்டி எலி வந்து கணக்குப் படிக்கும்" என்றார். "இன்னும் என்ன இல்லை உங்க கிளாஸ்ல?"

தமிழ் எழுத்துச் சார்ட் இல்லை என்றேன். பாலக்காட்டுக் கடைகளில் மலையாளச் சார்ட்தான் இருக்கும், தமிழில் வேண்டுமென்றால் பொள்ளாச்சிக்குப் போக வேண்டும் என்றேன்.

"நான் பொள்ளாச்சிக்குப் போகாத வாரம் எது?" என்று கேட்டுவிட்டு வண்டியில் ஏறினார்.

அடுத்த வாரம் சார்ட் வந்தது. அதற்கு அடுத்த வருஷம் பக்கத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர்களுக்கும் வந்தது. பிறகு மே மாதம் என்றாலே நாங்கள் நான்கு பேர் அவர் வண்டியோடு அலைவது வழக்கமாகிவிட்டது. ராவுத்தர், நான், வண்ணாமடையில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் குப்பண்ணன், போர்டு எழுதும் ஈஸ்வரமூர்த்தி. "என்ற தோப்புல தேங்காய் தானா விழுகுது, எனக்கென்ன வேலை" என்று சொல்லிக்கொண்டு குப்பண்ணன் வந்து சேர்ந்தார். ஈஸ்வரமூர்த்தி கள்ளுக்கடைகளுக்குக் கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து எழுதுபவர். பள்ளிக்கூடச் சுவரில் அ, ஆ எழுத வந்தவர் எங்களோடு ஒட்டிக்கொண்டார்.

பணம் வாங்குவதில்லை என்பது ராவுத்தர் வைத்த வழக்கம். வீட்டுக்கு ஒரு சாமான், அதுவும் புதிதாக. ஒரு பெட்டி ஸ்கெட்ச் பேனா, ஒரு பசைப் புட்டி, ஒரு கட்டு சார்ட், எதுவானாலும் சரி. வழக்கமாக விற்கிற வண்டி, வாங்க வந்திருக்கிறது என்று ஊருக்குப் புரிய வேண்டுமே! அதற்காக ஒலிபெருக்கியில் ஒரு புது அறிவிப்புப் பதிவு செய்தார்.

"அம்மா, அக்கா, ஆத்தா! ராவுத்தர் வந்திருக்கேன். இன்னைக்கு பக்கெட் இல்லை, குடம் இல்லை. இன்னைக்கு நீங்க குடுக்கற நாள். உங்க புள்ளைக்கு எழுத்துச் சொல்லித் தர்ற டீச்சருக்கு ஒரு சாமான் குடுங்க!"

முதல் நாள், முதல் தெருவில், பெண்கள் உடைந்த பக்கெட்டுகளோடு வந்து நின்றார்கள். வருஷம் முழுவதும் பழைய பிளாஸ்டிக்கை எடுத்துக்கொண்டு புதுசு கொடுத்த வண்டி அல்லவா! அறிவிப்பில் அவர்கள் காதில் விழுந்தது 'ராவுத்தர்' என்ற சொல் மட்டும்.

"ஏனுங்க ராவுத்தரே, இதுக்கு ஒரு மக் வருமுங்களா?"

"இதை டீச்சருக்குக் குடுத்தா, டீச்சர் அதுல தலையை விட்டுட்டு உக்காந்துக்க வேண்டியதுதான்."

"அப்ப மக் வராதுங்களா?"

கடைசியில் மக் கொடுத்தார். அந்தம்மா மறுநாள் ஒரு பெட்டி பென்சில் கொண்டுவந்தாள்.

பாதி தீர்ந்த பொருளை மட்டும் தொட மாட்டார். ஒவ்வொரு ஸ்கெட்ச் பேனாவையும் திறந்து தன் முன்கையில் ஒரு கோடு இழுத்துப் பார்ப்பார். கோடு விழாவிட்டால், "பாப்பா, இது உங்க வீட்டுலயே தூங்கட்டும்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். சாயங்காலம் வீடு திரும்பும்போது இரண்டு கையும் வானவில்லாக இருக்கும். அவர் மனைவி ஜொஹராவுக்கு இதுதான் மே மாதக் கோபம்.

"பாருங்க டீச்சர் இந்த மனுசனை. தொழப் போகக் கைகால் கழுவி ஒளு எடுக்கறதுக்கு முந்தி அரைமணி நேரம் நாரைப் போட்டுத் தேய்க்கணும். பள்ளிவாசல்ல பக்கத்துல நிக்கறவங்க தொழுகையை விட்டுட்டு இவர் கையைப் பார்க்கறாங்க."

"அதுல பச்சை மட்டும் போகவே மாட்டேங்குது ஜொஹரா. நல்ல கம்பெனி."

டீச்சர்களிடம் அவர் கேட்பது ஒரே கேள்விதான். என்ன வேண்டும் என்று கேட்க மாட்டார். "போன வருசம் முதல்ல எது தீர்ந்துச்சு?" என்று கேட்பார். இது கடைக்காரர் கேள்வி. காந்தலூருக்கு மேலே ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் சிசிலி டீச்சரிடம் இதைக் கேட்டபோது நானும் கூட இருந்தேன். சிசிலி மூணாறு எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர்.

"பசை அண்ணே" என்றார் சிசிலி.

"அவ்வளவு ஒட்டறீங்களா?"

"எங்க ஒட்டுறது? பிள்ளைக திங்குதுக. இனிப்பா இருக்காம்."

அடுத்த தடவை ராவுத்தர் பசையோடு ஒரு பாட்டில் கடலைமிட்டாயும் கொண்டுபோனார். பசையைக் காப்பாற்றத்தான் என்றார்.

சிசிலியின் பள்ளிக்கூடம்தான் இந்தக் கதை. அங்கே தமிழ் வகுப்பில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். கீழேயிருந்து ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்து வேன் மேலே வரத் தொடங்கியிருந்தது. எங்கள் பக்கம் பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரத்திலேயே தலையை எண்ணிவிடுவார்கள். அந்த எண்ணிக்கையில்தான் வகுப்பும் டீச்சரும் நிற்கும். இன்னும் இரண்டு மூன்று வீட்டுக்காரர்கள் மனசு மாறினால் சிசிலிக்கு வகுப்பே இருக்காது. "பிள்ளைக எங்கயாவது படிச்சிரும் அண்ணே. நான்தான் என்ன செய்யப் போறேன்னு தெரியல" என்று அவர் ராவுத்தரிடம் ஒருமுறை சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னார். ராவுத்தர் சிரிக்கவில்லை.

வகுப்பறை நன்றாக இருந்தால் பெற்றோர் நிற்பார்கள் என்பது எங்கள் கணக்கு. போன வருஷம் சுவர் நிறையச் சார்ட் கொண்டுபோனோம். கூடவே ராவுத்தர் பொள்ளாச்சியில் பார்த்துப் பார்த்து வாங்கிய ஒரு பெரிய வரைபடம். தமிழ் எழுத்து, பளபளவென்று வார்னிஷ், சுற்றிலும் மரச்சட்டம். தமிழில் வேண்டும், பெரிதாக வேண்டும் என்று கேட்டு வாங்கியிருந்தார். எந்த மாநிலப் படம் என்று கேட்க அவருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. தினமும் எல்லையைத் தாண்டுகிறவர்களுக்கு அது ஒரு கோடாகவே படாது.

அது தமிழ்நாட்டுப் படம். சிசிலி அதை மாட்டிய அன்று ஒரு சின்னப் பெண் எழுந்து, "டீச்சர், நம்ம ஊரு எங்க?" என்று கேட்டாள். சிசிலி உடுமலையைத் தொட்டார், அமராவதியைத் தொட்டார், இன்னும் மேற்கே நகர்ந்தார். படம் முடிந்து மரச்சட்டம் வந்தது. சட்டத்தைத் தாண்டி விரல் சுவரில் போய் நின்றது. "இங்கன" என்றார். வகுப்பு சிரித்தது.

அந்தப் பெண்ணின் அப்பா பவுல்ராஜ். பூண்டு விவசாயி. பேச்சில் ஊசி வைத்திருப்பவர். மறுநாள் வந்து நின்றார்.

"என்ன டீச்சர், ஒங்க படத்துல நாங்க செவுத்துல நிக்கோமாமே?"

"அது வேற மாநிலத்துப் படம் பவுல்ராஜ். மாத்திருவோம்."

"கவர்மெண்டு ரெண்டும் எங்களைச் செவுத்துலதான் நிறுத்தி வச்சிருக்கு. இப்ப பள்ளிக்கூடமுமா? அந்த இங்கிலீசு வேன்காரன் வீட்டு வாசல்ல வந்து ஆரன் அடிக்கான். அவனுக்காவது எங்க வீடு தெரியுது."

சிசிலி இதைப் போனில் சொன்னபோது ராவுத்தர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார். "நான் வாங்கிட்டுப் போன படம்" என்றார். "நான் எட்டாவது படிக்கறப்ப வாத்தியார் படத்துல சித்தூரைக் காட்டினாரு. ஒரு எள்ளு சைஸு புள்ளி. அன்னைக்கு ஊடு வரைக்கும் நெஞ்சை நிமித்திட்டுத்தான் நடந்தேன். இந்தப் புள்ளையை நான் செவுத்துல நிறுத்திட்டேனே."

கேரளப் படம் மலையாளத்தில் எத்தனையோ கிடைக்கும். தமிழ்ப் பெயர் போட்டது வேண்டும் என்று பாலக்காட்டில் கேட்டார், பொள்ளாச்சியில் கேட்டார், உடுமலையிலும் கேட்டார். அவர் போன கடைகளில் இல்லை. "இல்லாட்டி என்ன, போட்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டார். பள்ளிக்கூடம் திறக்கும் நாளில் அது சிசிலியின் சுவரில் தொங்க வேண்டும். பவுல்ராஜ் வந்து பார்க்க வேண்டும். இந்த வருஷம் மே முழுக்க அவருக்கு இது ஒன்றுதான்.

சாப்பாட்டு மேசைக்கு விரிக்கும் வெள்ளை ரெக்ஸின் ஒரு சுருள் அவர் வண்டியிலேயே இருந்தது. குப்பண்ணனின் தோட்டத்துச் சாளையில், அதாவது தேங்காய் போட்டுவைக்கும் கொட்டகையில், காய்களை ஒதுக்கித் தள்ளிவிட்டு அதில் ஒரு துண்டை வெட்டி விரித்தார்கள். ஈஸ்வரமூர்த்தி வண்டிக்கு அடிக்கிற எனாமல் பெயிண்டோடு வந்தார். பகலில் சாமான் சேகரிப்பு, சாயங்காலம் படம்.

சாமான் கேட்டுப் போன இடத்தில் ராவுத்தர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. ஒவ்வொரு தெருவிலும் படத்தைப் பற்றிச் சொன்னார்.

"எங்க ஊரு போட்டாச்சுங்களா?"

"போட்டாச்சு தாயி!"

இப்படி எல்லா ஊரையும் போட்டாகிவிட்டது. சாயங்காலம் வந்து ஈஸ்வரமூர்த்தியிடம், "தம்பி, ஒழலப்பதி விட்டுப்போச்சு. எருத்தேம்பதியும் போட்டுரு. ரெண்டு பேருமே பேனாப் பெட்டி குடுத்திருக்காங்க" என்பார். ஈஸ்வரமூர்த்தியின் கை கள்ளுக்கடைக் கை. எழுத்து தூரத்திலிருந்து, அதுவும் தள்ளாடிக்கொண்டு வருகிறவனுக்கும் தெரிய வேண்டும் என்று பழகிய கை. சின்னதாக எழுத வராது. இடம் போதவில்லை என்றால் கோட்டை அழித்து மாவட்டத்தைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்வார். காந்தலூர்ப் பக்கத்துக்கும் இதே நியாயம். சிசிலியின் பிள்ளைகளுடைய ஊர்கள் ஒன்று விடாமல் வர வேண்டும் என்று ராவுத்தர் உத்தரவு.

நான் ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். அவர்கள் மூன்று பேரும் பெருமையோடு ஒதுங்கி நின்றார்கள். பாலக்காடு தெற்கே கொல்லம் வரை இறங்கியிருந்தது. இடுக்கி கடலைத் தொட்டுவிட்டது. ஆலப்புழை நூல்போல ஓரமாக நின்றது. வடக்கே வெட்டிய துண்டு தீர்ந்துபோனதால் காசர்கோட்டைக் காணவே இல்லை.

"கேரளா பாகற்காய் மாதிரி இருக்கும். இது என்ன, பலாக்காயா?" என்றேன்.

"காசர்கோட்டுல இருந்து யாரும் சாமான் குடுக்கல அம்மிணி" என்றார் குப்பண்ணன்.

"யாருக்குங்க இல்லைன்னு சொல்றது?" என்றார் ராவுத்தர். "ஒரு அம்மா, காது கேக்காது, கத்தரிக்கோல் ஒண்ணைக் கொண்டுவந்து குடுத்துட்டு, எங்க ஊரு பேரை எழுதும்போது நல்லா எழுதச் சொல்லுங்கன்னு போகுது. அதுக்கிட்டப் போயி நான் ஸ்கேலைக் காட்டவா?"

"ராவுத்தரே, இதைப் பார்த்துப் படிக்கிற பிள்ளை பரீட்சையிலயும் இப்படித்தான் வரையும்."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து ஓரத்தைப் பிடித்துச் சுருட்டத் தொடங்கினார். "அப்ப தப்புதான். சுருள்ல மீதி இருக்குது. மறுபடி போடலாம். ஈஸ்வரா, சாயத்தைக் கலக்கு."

"எதுவரைக்குமுங்க மாமா கலக்கறது? எல்லா ஊரும் போட்டாச்சுன்னு சொல்லி வெச்சிருக்கீங்க. இதுல இல்லாட்டி அடுத்த மே மாசம் ஒரு தெருவுக்குள்ள வண்டி போகுமா?"

"பலாக்காயை நம்ம தெருத்தெருவாக் காட்டிக்கலாம். பாகற்காயை டீச்சருக்குக் குடுத்துரலாம்."

இந்தத் தடவை நான் வழி சொல்லிக் கொடுத்தேன். அட்லஸில் உள்ள படத்தின் மேல் பென்சிலால் சின்னக் கட்டங்கள் போட்டுக்கொள்வது, ரெக்ஸினில் அதே அளவுக்குப் பெரிய கட்டங்கள் போட்டுக்கொள்வது. அட்லஸில் எந்தக் கட்டத்தில் கோடு எப்படிப் போகிறதோ அப்படியே பெரிய கட்டத்திலும் இழுத்தால் போதும். ராவுத்தர் அட்லஸைக் கையில் வைத்துக்கொண்டு கட்டம் சொல்வார், ஈஸ்வரமூர்த்தி தரையில் தவழ்ந்து வரைவார். சொல்லும்போது அவருக்கு வியாபாரக் குரல் வந்துவிடும். "அடுத்த கட்டம், அடுத்த கட்டம்! கடல் உள்ளே வருது, ஒரு விரல் வருது, போதும் போதும், திருப்பு! கொல்லம் தாண்டியாச்சு, ஆலப்புழை வருது, அம்மா வாங்க, அக்கா வாங்க!" ஈஸ்வரமூர்த்தி சிரித்தால் கோடு ஆடும், ஆடினால் அழிக்க வேண்டும். அதனால் வேலை மெதுவாகத்தான் நடந்தது. தெற்கிலிருந்து தொடங்கி வடக்கே வந்துகொண்டிருந்தார்கள். அப்போதுதான் சாக்பீஸ் வாங்கப் பொள்ளாச்சிக்குப் போனார்.

ராவுத்தரின் மையத்தை அன்று சாயங்காலமே அடக்கம் செய்ய எடுத்தார்கள். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து வந்த கூட்டத்தைப் பார்த்துப் பள்ளிவாசல்காரர்களே அசந்துபோனார்கள். உடைந்த பக்கெட்டுக்கு மக் வாங்கிய அம்மாவும் தெருமுனையில் நின்றிருந்தாள்.

சில நாள் கழித்து ஜொஹராவைப் பார்க்கப் போனேன். கணவர் இறந்தபின் சில மாதம் வெளியே வராமல் இருக்கும் இத்தா என்பதால் உள் அறையில் இருந்தார். நான் ஆறுதல் சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே கேட்டார்.

"சிசிலி டீச்சருக்குச் சாமான் போயிருச்சா?"

"இல்லைங்க."

"பள்ளிக்கூடம் எப்பத் திறக்குது?"

"திங்கட்கிழமை."

தலையணைக்கு அடியிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து நீட்டினார். "நான் வெளிய வரக் கூடாது. நீங்க மூணு பேரும் போயிட்டு வந்துருங்க. சின்னார் ஏத்தத்துல வண்டி சூடாகும். அங்க நிறுத்தி ஆற வைக்கணும். அவர் நிறுத்திட்டுப் பாட்டுப் பாடுவாரு. நீங்க பாட வேண்டாம், நிறுத்தினாப் போதும்."

சரியான படம் முடியவில்லை. எடுத்துப் போக முடிந்தது பலாக்காய்தான். வெறுங்கையோடு போவதைவிட அது மேல் என்றார் குப்பண்ணன். எனக்கு மனசில்லை, ஆனால் வேறு வழியும் இல்லை. ஈஸ்வரமூர்த்தி வண்டி ஓட்டினார். சின்னார் ஏற்றத்தில் நிறுத்தினோம். யாரும் பாடவில்லை. ஒரு மயில் ரோட்டைக் கடந்து போனது.

காந்தலூரில் வண்டிச் சத்தம் கேட்டுப் பெண்கள் வெளியே வந்தார்கள். "பாய் எங்க? குடம் வச்சிருக்காரா?" என்று ஒரு அம்மா எட்டிப் பார்த்தார். குப்பண்ணன் இறங்கினார். பின்னால் போய் இரண்டு குடத்தை எடுத்து விற்றுவிட்டு ஏறிக்கொண்டார்.

அவர் சொல்லாததைச் சிசிலிதான் பிறகு வீடு வீடாகச் சொன்னார்.

திறப்பு நாளில் மலைமேல் மூடுபனி. பலூன், தோரணம், பிள்ளைகளுக்குப் பாயசம். இங்கே அதற்குப் பிரவேசனோத்ஸவம் என்று பெயர். சாமான்களை எல்லாம் பெஞ்சில் அடுக்கினோம். சாக்பீஸ், பசை, கத்தரிக்கோல், சார்ட். படத்தைச் சுவரில் ஆணி அடித்து மாட்டினோம். இது தப்பான படம், சரியானது பின்னால் வரும் என்று சிசிலியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அவர் படத்தைப் பார்த்தார், பிறகு எங்கள் முகத்தைப் பார்த்தார்.

"எங்க ஊரு இம்புட்டுப் பெருசா?" என்றார். "இருந்துட்டுப் போகட்டுமே. பிள்ளைகளுக்குச் சொல்லிருதேன், இது பக்கெட்டுக்கார மாமா கண்ணுக்குத் தெரிஞ்ச கேரளான்னு. ஆனா பரீட்சைக்கு முன்னாடி சரியானதைக் குடுத்துருங்க. இல்லாட்டி என் வேலைக்கே வேட்டு வச்சிருவாங்க."

பவுல்ராஜ் வந்தார். மகள் கையைப் பிடித்திருந்தாள். அவர் வாசலிலேயே நின்று படத்தைத் தூரத்திலிருந்து பார்த்தார்.

"யாரு எழுதுனது? பார்த்தாலே நாக்கு வறளுதே."

"நான்தானுங்க" என்றார் ஈஸ்வரமூர்த்தி.

"கள்ளுக்கடையில எழுதுவீரோ?"

"ஆமாங்க."

"அதானே பார்த்தேன்."

மகள் கையை விடுவித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். தேடவே வேண்டியிருக்கவில்லை. கள்ளுக்கடை எழுத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, அவள் ஊர் இருந்தது. அதன் மேல் கையை வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். பவுல்ராஜ் பக்கத்தில் போய்ப் பார்த்தார்.

"பக்கத்து ஊரை எதுக்கு எங்க ஊரைவிடப் பெருசா எழுதியிருக்கீரு?" என்றார்.

கீழே வேன் ஆரன் அடித்தது. "இந்த வருசம் இங்க இருக்கட்டும்" என்று சிசிலியிடம் சொல்லிவிட்டு, பனிக்குள் இறங்கிப் போனார். அவரைப் பார்த்து இன்னொரு வீட்டுக்காரரும் பிள்ளையை விட்டுவிட்டுப் போனார். தலை எண்ணும் நாளில் சிசிலியின் வகுப்பு தப்பித்தது. அன்று போன் செய்து அழுதார். அழுகைக்கு நடுவே, பசை இப்போதே பாதி தீர்ந்துவிட்டது என்றும் சொன்னார்.

ஆகவே சரியான படம் கட்டாயம் போயாக வேண்டும். நான் இரண்டு தடவை சாளைக்குப் போனேன். அட்லஸை எடுத்து நானே கட்டம் சொல்கிறேன் என்றேன். ஈஸ்வரமூர்த்தி பெயிண்ட் டப்பாவைத் திறந்தார், தூரிகையைத் துடைத்தார், என் முகத்தைப் பார்த்தார். நான் அட்லஸைப் பார்த்து, "அடுத்த கட்டம்" என்றேன். என் குரல் வகுப்பில் பேசுவதுபோல இருந்தது. குப்பண்ணன் டீ வைக்க எழுந்து போனார். டீ குடித்தோம். மழையைப் பற்றிப் பேசினோம். தேங்காய் விலையைப் பற்றிப் பேசினோம். இரண்டு தடவையும் இதேதான் நடந்தது.

படம் சாளையில் விரித்தபடியே இருக்கிறது. பாலக்காடும் இடுக்கியும் அளவோடு இருக்கின்றன. கடற்கரைக் கோடு தெற்கிலிருந்து பொன்னானி வரை வந்திருக்கிறது. அதற்கு வடக்கே இன்னும் கட்டங்கள் மட்டும்தான்.